வரப்பில் ஒரு நண்டு வளை: போன், கணினியின் நெட்வொர்க் ஓட்டைகளும் அவற்றை முறையாகச் சோதிப்பதும்

"என் போன்ல என்னங்க இருக்கு? யாரு வந்து எடுக்கப்போறா?" அப்டேட் பற்றிப் பேச்செடுத்தாலே நம்மில் பலர் சொல்லும் பதில் இது. அந்தப் போனில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதார் நகல், வங்கிக் கணக்கோடு இணைந்த யுபிஐ, பட்டா, சிட்டா படங்கள், நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்காகக் கொடுத்த வங்கி விவரம், பிள்ளையின் சாதிச் சான்றிதழ், நகைக்கடன் ரசீது. முன்பெல்லாம் வீட்டு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த அத்தனையும் இப்போது சட்டைப்பையில்தான் இருக்கிறது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு வரப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வயலில் தண்ணீர் நிறைய நிற்கும். வரப்பு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஒரு நண்டு வளை இருந்தால் போதும், ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கும் நெட்வொர்க் ஓட்டையும் அப்படித்தான். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்டுபிடித்தவர் யார், கண்டுபிடித்த பிறகு என்ன செய்தார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த ஓட்டைகள் எப்படி வருகின்றன, யார் அடைக்கிறார்கள், நாம் என்ன செய்ய வேண்டும், ஓட்டையைத் தேடும் ஆர்வம் உள்ள மாணவர்கள் எந்த எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஓட்டை எங்கிருந்து வருகிறது?

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது போனையும் கணினியையும் இயக்கும் அடிப்படை மென்பொருள். தமிழில் இயங்குதளம் என்கிறோம். நம் போனில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎஸ் இருக்கும். இ-சேவை மையம், கூட்டுறவுச் சங்கம், ஜெராக்ஸ் கடைக் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும்.

நெட்வொர்க்கில் சேர்ந்தவுடன் ஒரு கருவிக்கு வாசல்கள் உருவாகின்றன. இவற்றை போர்ட் என்பார்கள். வாய்க்காலில் மதகு மாதிரி. ஒவ்வொரு மதகுக்கும் ஒரு எண் உண்டு. 65,535 வரை எண்கள் போகும். பாதுகாப்பான இணையதளங்களுக்கு 443. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள 445. திறந்திருக்கும் ஒவ்வொரு மதகுக்குப் பின்னாலும் ஒரு சிறு மென்பொருள், யாராவது செய்தி அனுப்புவார்களா என்று காத்துக்கொண்டே இருக்கும்.

இந்த மென்பொருளை எழுதியவர்களும் மனிதர்கள்தான். எங்கேயாவது கணக்குத் தப்பும். ஒரு உதாரணம். களத்தில் நெல் அளக்கிறீர்கள். "ஒரு மரக்கால் வருது" என்று எதிரில் இருப்பவர் சொல்கிறார். நீங்களும் ஒரு மரக்கால் பிடிக்கும் கூடையை வைக்கிறீர்கள். அவர் இரண்டு மரக்காலைக் கொட்டுகிறார். கூடை நிறைந்து, பக்கத்தில் வேறொருவர் வைத்திருக்கும் கூடைக்குள் நெல் விழுகிறது. கணினியின் நினைவகத்தில் இப்படி நடந்தால், பக்கத்துக் கூடையில் விழுவது வெறும் தகவல் அல்ல, கணினி கீழ்ப்படிந்து செய்யும் கட்டளையாகவே இருக்கலாம். வெளியூரில் உட்கார்ந்திருப்பவன் நம் கணினிக்குள் கட்டளை போடுகிறான் என்றால் பல நேரங்களில் நடப்பது இந்த அளவுப் பிழைதான்.

இதற்கு நீங்கள் எதையும் கிளிக் செய்ய வேண்டாம், எந்த லிங்க்கையும் திறக்க வேண்டாம். கருவி ஆன் செய்யப்பட்டு நெட்வொர்க்கில் இருந்தாலே போதும். நெட்வொர்க் ஓட்டை மற்ற மோசடிகளைவிட ஆபத்தானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்று தேதிகள் சொல்லும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள 2017ஆம் ஆண்டின் மூன்று தேதிகளை நினைவில் வையுங்கள்.

மார்ச் 14: விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில், அதாவது 445ஆம் வாசலில், கடுமையான ஓட்டை இருப்பதாக மைக்ரோசாப்ட் அறிவித்து அதை அடைக்கும் அப்டேட்டை இலவசமாக வெளியிட்டது. மேலே சொன்ன மரக்கால் கணக்குப் பிழை போன்றதுதான் அந்த ஓட்டை.

ஏப்ரல் 14: அந்த ஓட்டைக்குள் நுழையும் எட்டர்னல் புளூ என்ற கருவியை ஷேடோ புரோக்கர்ஸ் என்ற பெயரில் இயங்கிய கும்பல் இணையத்தில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி கொட்டிவிட்டது. அது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி ரகசியமாக வைத்திருந்த கருவி. அங்கிருந்து வெளியேறிவிட்டது.

மே 12, வெள்ளிக்கிழமை: அதே கருவியைப் பயன்படுத்தி வானாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பியது. ரான்சம்வேர் என்றால் கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் தீநிரல். ஒரு கணினிக்கு 300 டாலர், பிட்காயினில் கட்ட வேண்டும், மூன்று நாள் தாண்டினால் 600 டாலர் என்று திரையில் எழுத்து வந்தது. ஒரு கணினிக்குள் நுழைந்ததும் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றக் கணினிகளின் 445ஆம் வாசலைத் தானாகவே தட்டிப் பார்த்தது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் சிக்கின. பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையில் குறைந்தது 80 மருத்துவமனை நிர்வாக அமைப்புகள் பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பரிசோதனைகளும் அறுவை சிகிச்சைகளும் தள்ளிப்போயின.

மார்ச் 14க்கும் மே 12க்கும் நடுவில் 59 நாட்கள். குறுவைப் பயிர் பாதி வளர்ந்துவிடும் காலம். அடைப்பதற்கான மண் கையில் கிடைத்துவிட்டது, காசும் கேட்கவில்லை. அடைத்தவர்கள் தப்பித்தார்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டவர்கள் மாட்டினார்கள்.

இந்தியாவும் தப்பவில்லை. ஆந்திராவில் சித்தூர் உள்ளிட்ட சில மாவட்டங்களின் காவல்துறைக் கணினிகள் முடங்கின. கேரளாவில் திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்தபோது வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் சில கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் பூட்டிக் கிடந்தன. ஒரு சின்னக் கிராமப் பஞ்சாயத்தின் மீது யாருக்கு என்ன பகை இருக்க முடியும்? ஒன்றும் இல்லை. தீநிரல் ஆள் பார்த்து வருவதில்லை. திறந்திருக்கும் மதகு எதுவோ அதற்குள் போகும், அவ்வளவுதான். "என் போன்ல என்னங்க இருக்கு?" என்ற கேள்விக்கு இதுவே பதில்.

வானாக்ரை பரவுவதைத் தடுத்ததும் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸுக்கு அப்போது வயது 22. அந்தத் தீநிரலைப் பிரித்துப் படித்தபோது, அது வேலையைத் தொடங்கும் முன் யாரும் பதிவு செய்யாத ஒரு விசித்திரமான இணைய முகவரியைத் தேடுவதைக் கவனித்தார். சுமார் 11 டாலர் கட்டி அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்தார். முகவரி உயிர்பெற்றதும் தீநிரல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தில் உள்ள பொதுத்துறையின் கணினிகளில் ரான்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டியது. அரசு அலுவலகமாக இருந்தாலும் அரிசி மண்டியாக இருந்தாலும் பாடம் ஒன்றுதான்.

இங்கே ஒரு கணினி நின்றால் என்ன ஆகும்?

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் மத்தியில் வரும். அந்த வாரத்தில் நம் ஊர் இ-சேவை மையங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தக நகலோடு வரிசை நிற்கும். அந்த நேரத்தில் மையத்தின் ஒரே கணினியும் பூட்டிக்கொண்டால்? வடகிழக்குப் பருவமழை யாருக்காகவும் காத்திருக்காது. பிரீமியம் கட்டாமல் போன வயல் மூழ்கினால் அந்த வருடத்து நஷ்டம் முழுக்க அந்தக் குடும்பத்தின் தலையில். கணினிப் பாதுகாப்பு என்பது பெரிய நகரத்துப் பெரிய கம்பெனிகளின் கவலை மட்டுமல்ல என்று சொல்வது இதனால்தான்.

போனுக்கும் இப்படி வருமா?

வரும், வந்திருக்கிறது. 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஆண்ட்ராய்டு போனில் வீடியோவைக் கையாளும் பகுதியில் இருந்த பிழை அது. போன் நம்பர் தெரிந்தால் போதும், ஒரு எம்எம்எஸ் அனுப்பியே உள்ளே நுழைய வாய்ப்பு இருந்தது. கண்டுபிடித்த ஆய்வாளர் அதை ஏப்ரல் மாதமே கூகுளிடம் சொல்லிவிட்டார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 2015 ஆகஸ்டிலிருந்து, ஆண்ட்ராய்டுக்கு மாதந்தோறும் பாதுகாப்பு அப்டேட் வெளியிடும் வழக்கம் தொடங்கியது. இன்று உங்கள் போனில் வரும் "செக்யூரிட்டி அப்டேட்" அறிவிப்பின் பின்கதை இதுதான்.

2017இல் புளூபோர்ன் வந்தது. புளூடூத் ஆனில் இருந்தால் போதும், இணைக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் நுழையலாம் என்ற நிலை. ஆண்ட்ராய்டு, விண்டோஸ், லினக்ஸ், பழைய ஐபோன் எல்லாவற்றையும் அது தொட்டது. கண்டுபிடித்த நிறுவனம் ஏப்ரலில் கூகுளுக்கும் மைக்ரோசாப்ட்டுக்கும் தகவல் கொடுத்துவிட்டு, செப்டம்பர் வரை வாய் திறக்கவில்லை. அப்டேட் தயாரான பிறகே உலகத்துக்குச் சொன்னது.

ஓட்டையைத் தேடுவது நல்ல வேலையா, குற்றமா?

இரண்டுமாக இருக்கலாம். வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று நடந்து பார்ப்பவர் உண்டு. ராத்திரியில் மடையைத் திறந்துவிட்டுப் போகிறவரும் உண்டு. இரண்டு பேரும் வரப்பில்தான் நடக்கிறார்கள். வித்தியாசம் மூன்று விஷயங்களில்: அனுமதி, அளவு, சொல்லும் முறை.

அனுமதி: யாருடைய அமைப்பைச் சோதிக்கிறோமோ அவர் சம்மதிக்க வேண்டும். எழுத்தில் இருப்பது நல்லது.

அளவு: ஓட்டை இருக்கிறது என்று நிரூபிக்க எவ்வளவு தேவையோ அதோடு நிறுத்த வேண்டும். பிறர் தகவலை இறக்கி வைப்பது, அமைப்பை முடக்கிப் பார்ப்பது கூடாது.

சொல்லும் முறை: முதலில் உரியவரிடம் ரகசியமாகச் சொல்லி, சரிசெய்ய நேரம் கொடுத்து, அடைத்த பிறகே வெளியே பேச வேண்டும். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ என்ற ஆய்வுக் குழு பொதுவாக 90 நாள் கெடு கொடுக்கிறது. கெடு எதற்கு என்றால், சொன்ன பிறகும் நிறுவனம் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக.

இதைச் சரியாகச் செய்து காட்டியவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சென்னையைச் சேர்ந்த 12ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் ஐஆர்சிடிசி இணையதளத்தில் டிக்கெட் பதிவு செய்யப் போனார். அப்போது முகவரியில் வரும் பரிவர்த்தனை எண்ணை மாற்றினால் வேறொருவரின் பயண விவரம் தெரிவதைக் கவனித்தார். பெயர், வயது, பிஎன்ஆர் எண் எல்லாம் தெரிந்தது. டிக்கெட்டை ரத்து செய்யும் வாய்ப்பும் இருந்தது. அவர் அதை நண்பர்களிடம் காட்டிப் பெருமையடிக்கவில்லை. ஆகஸ்ட் 30 அன்று செர்ட்-இன் அமைப்புக்கு எழுதினார். சில நாட்களில் ஓட்டை அடைக்கப்பட்டது. அதற்குப் பிறகே செய்தி வெளியே வந்தது. லட்சக்கணக்கான பயணிகளுக்கு அப்படி ஒரு ஆபத்து இருந்ததே தெரியாமல் கடந்துபோனது.

சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2019இல் இன்ஸ்டாகிராமில் ஒரு ஓட்டையைக் கண்டார. பாஸ்வேர்டு மறந்தால் வரும் 6 இலக்க எண்ணில் மொத்தம் 10 லட்சம் சேர்க்கைகள். எண் 10 நிமிடம் செல்லும். ஒரே இடத்திலிருந்து நிறைய முறை முயன்றால் தடுப்பு வரும். ஆயிரம் வெவ்வேறு முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயன்றால் தடுப்பு வேலை செய்யவில்லை என்று அவர் நிரூபித்தார். நிறுவனத்திடம் தெரிவித்தார். அது சரிசெய்து 30,000 டாலர் வெகுமதி கொடுத்தது. இதே வகைப் பிழையை மைக்ரோசாப்ட் கணக்குகளில் கண்டு சொன்னதற்கு 2021இல் 50,000 டாலர் கிடைத்தது. ஓடிபி ஏன் சில நிமிடங்களில் காலாவதியாகிறது, மூன்று முறை தப்பாகப் போட்டால் ஏன் பூட்டுகிறது என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது.

இப்படி ஓட்டை சொல்பவருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்துக்கு பக் பவுண்டி என்று பெயர். பிழை வேட்டை என்று சொல்லலாம். மத்திய அரசும் 2020 மே மாதம் ஆரோக்கிய சேது செயலியின் நிரலைப் பொதுவில் வைத்தபோது இத்தகைய வெகுமதியை அறிவித்தது.

மாணவர்களே, எல்லைக்கோடு இது

வல்லம், திருமலைசமுத்திரம் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், யூடியூப் பார்த்து ஹேக்கிங் கற்றுக்கொள்ளும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆர்வம் தப்பில்லை. ஆனால் சட்டத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிக்குள்ளோ நெட்வொர்க்குக்குள்ளோ நுழைந்தால் இழப்பீடு கட்ட நேரிடும். அதையே நேர்மையற்ற நோக்கத்துடனோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதுகாக்கப்பட்டதாக அரசு அறிவித்த அமைப்புகளில் கை வைத்தால் 70ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறை. "சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன் சார்" என்பது அனுமதி ஆகாது.

அப்படியென்றால் எங்கே பழகுவது?

- வீட்டில் உள்ள பழைய லேப்டாப்பில் மெய்நிகர் கணினிகளை அமைத்து, உங்கள் சொந்த அமைப்பையே தாக்கிப் பாருங்கள். அதை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள்.
- கல்லூரிகளும் அமைப்புகளும் நடத்தும் கொடி பிடிக்கும் போட்டிகளில் சேருங்கள். சோதிப்பதற்கென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட அமைப்புகள் அங்கே கிடைக்கும்.
- பிழை வேட்டைத் திட்டம் நடத்தும் நிறுவனங்களின் விதிகளை முழுக்கப் படியுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும்.
- கல்லூரி வைஃபை, பஞ்சாயத்து அலுவலகக் கணினி, பக்கத்துக் கடை சிசிடிவி எதையும் அனுமதி இல்லாமல் ஸ்கேன் செய்யாதீர்கள்.
- தற்செயலாக ஒரு ஓட்டை கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். என்ன பார்த்தீர்கள், எந்த நாள், எந்த நேரம் என்று எழுதி வைத்துக்கொண்டு உரிய இடத்தில் சொல்லுங்கள். பிறர் தகவலைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பணம் கொடுத்தால்தான் சொல்வேன் என்று பேரம் பேசினால் அது மிரட்டல் வழக்காகிவிடும்.

போனில் இன்றைக்கே செய்ய வேண்டியவை

1. செட்டிங்ஸில் அபௌட் போன் பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு வெர்ஷனைத் தொடுங்கள். சில போன்களில் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்று இருக்கும். அங்கே செக்யூரிட்டி அப்டேட் தேதி தெரியும். அது பல மாதம் பழையதாக இருந்தால் சாஃப்ட்வேர் அப்டேட் பகுதியில் புதிது வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் ஜெனரல், அதற்குள் சாஃப்ட்வேர் அப்டேட்.

2. டேட்டா தீர்ந்துவிடும் என்று பயந்தால், ராத்திரி வைஃபை உள்ள இடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு அப்டேட்டை ஓட விடுங்கள்.

3. அப்டேட்டே வராத பழைய போனா? அதில் வங்கிச் செயலி, யுபிஐ வைத்துக்கொள்ள வேண்டாம். பேசுவதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். புதிய போன் வாங்கும்போது "கேமரா எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்பதோடு "எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் தருவாங்க?" என்றும் கேளுங்கள்.

4. புளூடூத், ஹாட்ஸ்பாட் தேவை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். திறக்காத மதகில் தண்ணீர் வராது.

5. வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை யார் அனுப்பினாலும் நிறுவாதீர்கள். பிஎம் கிசான் தவணை, போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று பல வேஷத்தில் வருகின்றன. இதற்கு எந்த ஓட்டையும் தேவையில்லை, மதகை நாமே தூக்கிவிடுகிறோம். அரசு செயலிகளை அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்தோ அந்தத் துறையின் இணையதளத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள்.

6. மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 முதல் இயங்குகிறது. போன், கணினியில் தீநிரல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிகளை அதன் தளத்தில் இலவசமாகப் பெறலாம்.

வீட்டு வைஃபை, கேமரா, மோட்டார் ஸ்டார்ட்டர்

2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டிருக்கும் சுமார் 60 பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் வைத்திருந்தவர்களின் கருவிகள் எல்லாம் சிக்கின.

ஆகவே ரவுட்டர், சிசிடிவி வாங்கி மாட்டிய அன்றே அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். பம்புசெட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருப்பவர்கள் அதன் கடவு எண்ணையும் மாற்றி, உங்கள் நம்பரிலிருந்து மட்டும் ஓடும்படி அமைக்கச் சொல்லுங்கள். மாட்டிக் கொடுத்தவரிடம் "தம்பி, பாஸ்வேர்டை மாத்திக் குடுத்துட்டுப் போங்க" என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இ-சேவை மையம், கடை, சங்கம் நடத்துபவர்களுக்கு

- விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை கிடைக்கும். அதற்குள் புதிய பதிப்புக்கு மாறிவிடுங்கள்.
- "ஆக்டிவேட்" செய்யாத திருட்டு விண்டோஸ் வேண்டாம். அதைத் திறந்து கொடுக்கும் கிராக் மென்பொருளிலேயே தீநிரல் இருக்கலாம்.
- கோப்புப் பகிர்வு தேவையில்லை என்றால் அணைத்து வையுங்கள். ஃபயர்வாலை எப்போதும் ஆனில் வையுங்கள்.
- மக்களின் ஆதார், பட்டா நகலை வேலை முடிந்ததும் கணினியிலிருந்து அழித்துவிடுங்கள். இல்லாத தகவலை யாராலும் திருட முடியாது.
- விதைநெல்லைத் தனியாக எடுத்து வைப்பது போல முக்கியக் கோப்புகளின் நகலைத் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அந்த நகல் திறக்கிறதா என்று பாருங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*அப்டேட் போட்டால் போன் ஸ்லோ ஆகிவிடுமா?*
பாதுகாப்பு அப்டேட் வேறு, முழு வெர்ஷன் மாற்றம் வேறு. மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் பெரும்பாலும் சிறிய அளவில் ஓட்டைகளை அடைப்பதற்காகவே வருகிறது. இடம் இல்லாததால் தடங்கல் வந்தால், தேவையில்லாத வீடியோக்களை அழித்துவிட்டுப் போடுங்கள்.

*ரான்சம்வேர் வந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?*
நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பக்கத்துக் கணினிக்குப் பரவாமல் இருக்க அதுதான் முதல் வேலை. திரையைப் போட்டோ எடுத்து வையுங்கள். பணம் கட்டாதீர்கள், கட்டினாலும் கோப்பு திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிறகு புகார் கொடுங்கள்.

*பொது வைஃபையில் பணம் அனுப்பலாமா?*
பேருந்து நிலையம், ரயில் நிலைய வைஃபையில் செய்தி படிக்கலாம், நேரம் பார்க்கலாம். பணப் பரிவர்த்தனைக்கு உங்கள் சொந்த மொபைல் டேட்டாவே நல்லது.

எங்கே சொல்வது?

- பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். உள்ளூர்க் காவல் நிலையத்திலும் மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் நேரில் கொடுக்கலாம்.
- கணினித் தாக்குதல் நடந்ததா, அல்லது ஒரு அமைப்பில் ஓட்டையைக் கண்டீர்களா? செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவுக்குச் சொல்லுங்கள். 2004 முதல் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் அமைப்பு இது. கட்டணமில்லா எண் 1800-11-4949. ஓட்டையைத் தெரிவிப்பதற்கான படிவமும் வழிமுறையும் அதன் இணையதளத்தில் உள்ளன.
- நிறுவனங்கள் கவனிக்க: குறிப்பிட்ட வகை சைபர் தாக்குதல்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு. "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்று மறைத்தால், அதே ஓட்டை வழியாக அடுத்த ஊர் அலுவலகமும் மாட்டும்.

மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணையைத் தாண்டி வருவதற்கு முன்னால், வாய்க்காலைத் தூர்வாரி, ஷட்டரை ஏற்றி இறக்கிப் பார்த்து, வரப்பை அண்டை வெட்டி வைப்பது நம் வழக்கம். தண்ணீர் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடுவதில்லை. அந்த வழக்கத்தைப் போனுக்கும் கொண்டுவருவோம். மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேஷன் வாங்கும் நாள் என்றாலும் சரி, அமாவாசை என்றாலும் சரி. அன்று உங்கள் போனோடு வீட்டுப் பெரியவர்களின் போனையும் வாங்கி அப்டேட் போட்டுக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதான்.